ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் நடுவில்

சில வருடங்கள், உயிரணுக்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் செல் கல்ச்சர் அறையில் வேலை பார்த்தேன். அப்புறம் மருத்துவமனையில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளை (ட்ரையல்) ஒருங்கிணைக்கும் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டேன். முதல் வேலையில் நோயாளியின் முகத்தையே பார்த்ததில்லை. இரண்டாவதில் பிப்பெட்டைத் தொட்டதில்லை. இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். ஆய்வுகள் பெரும்பாலும் கெட்டுப்போவது கை மாறும் இடத்தில். செல் ஒரு லேபிலிருந்து இன்னொரு லேபுக்குப் போகும்போது, ரத்தம் வார்டிலிருந்து ஃப்ரீசருக்குப் போகும்போது, மருத்துவர் சொன்னது நோயாளியின் காதுக்குப் போய்ச் சேரும்போது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களையும், வீட்டில் ஒருவரை ட்ரையலில் சேர்க்கலாமா வேண்டாமா என்று குழம்புகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

செல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். பக்கத்து லேபில் கேட்டால் ஒரு சின்னக் குப்பியில் செல்களைக் கொடுத்து அனுப்புவார்கள். மேலே மார்க்கரில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரை நம்பி ஒருவர் முனைவர் பட்டமே வாங்கிவிட முடியும். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுக்கப்பட்டவை ஹீலா செல்கள். அவை வளரும் வேகம் அப்படி: வேறொரு குப்பியில் கொஞ்சம் கலந்துவிட்டாலும் நாளடைவில் அந்தக் குப்பி முழுவதும் ஹீலாவாகிவிடும். 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்தவை என்று எல்லோரும் நம்பிய பல செல் வரிசைகள் (லேபில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வகைகள்) உண்மையில் ஹீலாதான் என்று எடுத்துக்காட்டினார். கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. எம்டிஏ-எம்பி-435 என்ற இன்னொரு வரிசையை மார்பகப் புற்று என்று நம்பிப் பல காலம் ஆய்வுகள் நடந்தன. கடைசியில் அது தோலில் வரும் மெலனோமா வகை என்று தெரியவந்தது.

இதற்குத் தீர்வு பெரிய வித்தை ஒன்றுமில்லை. எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளப் பரிசோதனையைச் செல் கைக்கு வந்த உடனே ஒரு தடவையும், கட்டுரை எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவையும் செய்துவிட வேண்டும். முடிவு வரும்வரை புதிய செல்லைத் தனி இன்குபேட்டரில் வைக்க வேண்டும். செல் கைக்கு வந்ததுமே, அதிகம் பிரித்து வளர்க்காமல், நாலைந்து குப்பிகளை உறைய வைத்துவிட வேண்டும். பின்னால் ஏதாவது ஆனால் திரும்பிப் போக அதுதான் ஒரே வழி.

செல் குப்பிகளில் புகுந்துவிடும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா வேறு மாதிரித் தலைவலி. சாதாரண பாக்டீரியா புகுந்தால் மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) கலங்கிவிடும், பார்த்ததும் தெரியும். இது கலங்காது. செல் சுவர் இல்லாத உயிர் என்பதால் பென்சிலினுக்கு அசையாது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. கிருமி நீக்கும் வடிகட்டியின் துளையில்கூட நுழைந்து போய்விடும். எங்கள் லேபில் ஒரு சமயம் செல்கள் மந்தமாக வளர ஆரம்பித்தன. இன்குபேட்டரின் வாயு அளவு சோதிக்கப்பட்டது, சீரம் மாற்றப்பட்டது, புதிதாகச் சேர்ந்திருந்த மாணவரின் கைவாகு சரியில்லை என்றுகூடப் பேச்சு வந்தது. பாவம் அவர். பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனை செய்து பார்த்தபோது அந்த அறையில் பாதிக் குப்பிகளில் மைக்கோபிளாஸ்மா. அதிலிருந்து மாதாமாதம் சோதிப்பது வழக்கமாயிற்று. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: மீடியத்தில் எப்போதும் ஆன்டிபயாட்டிக் கலந்தே வளர்ப்பதை நான் ஆதரிப்பதில்லை. மற்ற பாக்டீரியாக்களை அது அடக்கி வைப்பதால், கை சுத்தமில்லை என்று எச்சரிக்கும் கலங்கல்கூட வராமல் போய்விடுகிறது.

லேபில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஒரே நாளில், ஒரே குப்பியிலிருந்து எடுத்து, மூன்று குழிகளில் போட்டு அளந்தால் அது மூன்று சோதனை ஆகாது. ஒரு சோதனையை மூன்று முறை அளந்ததாக அர்த்தம். வரைபடத்தில் கோடு போட்டு, பிழைப்பட்டை வரைந்து, முக்கியமான வித்தியாசம் என்று நட்சத்திரக்குறி வைத்தாலும் அது ஒன்றுதான். வேறொரு நாள், வேறொரு குப்பி, முடிந்தால் வேறொருவர் கை. அப்போதும் அதே விடை வந்தால் பேசலாம். ஸ்லைடு எண்ணுவதாக இருந்தால் எது மருந்து போட்டது, எது போடாதது (கன்ட்ரோல்) என்று தெரியாதபடி சக ஊழியர் ஒருவரை விட்டு எண் ஒட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. 2012இல் கிளென் பெக்லியும் லீ எல்லிஸும் எழுதியது பலருக்கு நினைவிருக்கலாம்: புற்றுநோய்த் துறையின் மைல்கல் ஆய்வுகள் என்று கருதப்பட்ட 53இல், ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தால் 6இன் முடிவுகளை மட்டுமே திரும்பக் கொண்டுவர முடிந்தது. மற்றவை மோசடி என்று அவர்கள் சொல்லவில்லை. நான் பார்த்த லேப் வாழ்க்கையை வைத்துச் சொன்னால், மோசடி தேவையே இல்லை. அவசரமும், நமக்குப் பிடித்த விடையும் போதும்.

விலங்கிலிருந்து மனிதருக்குக் கை மாறும் இடம் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்து ஆரோக்கியமான 6 பேருக்குச் செலுத்தப்பட்டது. குரங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். அப்படியும் சில மணி நேரத்தில் ஆறு பேரும் உடலுறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். அந்த மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய சிடி28 என்ற புரதம், ஒரு வகை நினைவு டி-செல்களில் (நோய் எதிர்ப்பு அணுக்கள்) மனிதருக்கு உண்டு, சோதித்த குரங்குகளுக்கு இல்லை என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அறிவியல் அப்போது தெரிந்த அளவுதான், அதை விடுங்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே விட்ட இடைவெளி சுமார் பத்தே நிமிடம் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று தெரிவதற்குள் மற்றவர்களுக்கும் மருந்து ஏறிவிட்டது. இப்போது முதலில் ஒருவருக்குக் கொடுத்து, காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர். மனிதருக்கு முதல் முறை கொடுக்கும் மருந்தின் புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) கைக்கு வந்தால் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த இடைவெளி எழுதியிருக்கும் பக்கத்தைத்தான்.

சரி, ரத்தத்துக்கு வருவோம். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேச வரும்.

நாங்கள் ஈடுபட்டிருந்த ஓர் ஆய்வில் ஒரு புரதத்தின் அளவு நோயாளிகளின் ரத்தத்தில் கூடுதலாகவும், ஆரோக்கியமானவர்களிடம் குறைவாகவும் இருந்தது. வித்தியாசம் பளிச்சென்று இருந்தது. நோயை முன்கூட்டியே காட்டும் அடையாளம் கிடைத்துவிட்டது என்று லேபில் ஒரே உற்சாகம். நான் அப்போது வார்டுக்கு மாறியிருந்த புதிது. சாம்பிள் பதிவேட்டில் எடுத்த நேரம் என்ற கட்டமே இல்லாததைப் பார்த்து, அங்கே பல வருடமாக இருந்த நர்ஸிடம் கேட்டேன்.

“சிஸ்டர், இந்த ஆய்வு டியூபெல்லாம் எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?”

“காலையில ஆறு மணி ரவுண்டுல மத்த டெஸ்டோட சேர்த்து எடுத்துடுவோம்.”

“லேபுக்கு எப்ப போகும்?”

“உங்க ஆள் வர்றப்ப. பத்தாகும், சில நாள் பதினொண்ணு. அதுவரைக்கும் இந்த ட்ரேயிலதான் இருக்கும். யாரும் கேக்கலையே, நானும் சொல்லலை.”

ஆரோக்கியமானவர்களின் ரத்தம் லேப் வாசலிலேயே எடுக்கப்பட்டு, அரை மணிக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுழன்று, உறைய வைக்கப்பட்டிருந்தது. அந்தப் புரதமோ ரத்தத் தட்டணுக்களில் நிறைந்திருப்பது. ரத்தம் வெளியே காத்திருக்கக் காத்திருக்க அவற்றிலிருந்து கசிந்து வெளியே வரும். அடுத்த சுற்றில் இரண்டு பக்கத்துச் சாம்பிள்களையும் ஒரே மாதிரி, ஒரே நேரக்கெடுவுக்குள் கையாண்டபோது வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. அதுவரை நாங்கள் அளந்தது நோயை இல்லை, டியூப் ட்ரேயில் காத்திருந்த நேரத்தை. யாரும் வேலையில் குறை வைக்கவில்லை. நர்ஸ் அவர் வேலையைச் சரியாகச் செய்தார், லேப் அதன் வேலையைச் சரியாகச் செய்தது. நடுவில் இருந்த அந்த நாலைந்து மணி நேரம் யாருடைய வேலையாகவும் இல்லை.

சாதாரணப் பரிசோதனைகளிலும் இதே கதைதான். ரத்தத்தைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் விட்டால், அணுக்கள் உள்ளிருக்கும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறையும். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு. ஊசி சரியாக ஏறாமல் இழுத்து எடுத்தாலோ, டியூபை வேகமாகக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து, நோயாளிக்கு இல்லாத பொட்டாசியம் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஈடிடிஏ, பொட்டாசியம் உப்பாகச் சேர்க்கப்பட்டது. அதிலிருந்து கொஞ்சம் அடுத்த டியூபில் ஒட்டிக்கொண்டு போனாலும் பொட்டாசியம் கூடும், கால்சியம் குறையும். டியூப்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில்தான் நிரப்ப வேண்டும் என்று ரத்தம் எடுப்பவர்கள் அடம்பிடிப்பது அதனால்தான். ஒரு டியூபில் கொஞ்சம் அதிகம், இன்னொன்றில் கொஞ்சம் குறைவு என்று ஊற்றி மாற்றிச் சமன் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். கார்டிசோல் மாதிரி ஹார்மோன்கள் காலையில் உச்சத்திலும் நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்திலும் இருக்கும் என்பதால், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதே பாதி ரிப்போர்ட்.

லேபில் சேருகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது இதுதான்: ஒரே ஒரு டியூபின் பின்னாலேயே ஒரு முறை நடந்து போங்கள். கையில் குத்துவதிலிருந்து, ட்ரே, லிஃப்ட், வரவேற்பு மேஜை, சென்ட்ரிஃபியூஜ், ஃப்ரீசர்வரை. எங்கெங்கே அது சும்மா நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். படிவத்தில் எடுத்த நேரம், உறைந்த நேரம் இரண்டுக்கும் கட்டம் போடுங்கள். பிளாஸ்மாவை (அணுக்கள் நீக்கிய ரத்தத் திரவம்) ஒரே குப்பியில் ஊற்றி வைக்காமல் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கி உருக்கி உறைய வைத்தால் பல மூலக்கூறுகள் சிதைந்துவிடும். அளக்கும் நாளில் நோயாளிகளின் சாம்பிள்களை ஒரு தட்டிலும் மற்றவர்களுடையதை இன்னொரு தட்டிலும் வைக்காமல், இரண்டையும் கலந்து வையுங்கள். முக்கியமாக, வார்டில் இருப்பவர்களிடம் ஆய்வு எதற்கு என்று சொல்லுங்கள். அந்த சிஸ்டருக்குத் தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருப்பார்.

இனி, சொல் கை மாறுவது. மருந்துப் பரிசோதனைக்கான ஒப்புதல் படிவம் பல பக்கம் இருக்கும். பொறுமையாக எல்லாவற்றையும் படித்த ஒரு பெரியவரிடம், கையெழுத்துக்கு முன்னால் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

“ஐயா, ரெண்டு மருந்துல உங்களுக்கு எதுன்னு யார் முடிவு பண்ணுவாங்க? நீங்க புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லுங்களேன்.”

“டாக்டர்தான். எனக்கு எது ஒத்துக்கும்னு அவருக்குத் தெரியாதா என்ன?”

படிவத்தில் கணினி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் என்று தெளிவாகவே போட்டிருந்தது. அவர் அதைப் படித்தும் இருந்தார். ஆனால் மருத்துவர் மேல் இருந்த நம்பிக்கை அந்த வரியை மூடிவிட்டது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆய்வை மக்கள் தங்களுக்கென்று தைத்த சிகிச்சையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அவர்களையே சொல்லச் சொன்னால்தான் எது போய்ச் சேரவில்லை என்று தெரியும். குலுக்கல் பற்றி மறுபடி விளக்கியதும் கூட வந்திருந்த மகள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அப்பா நடுவுல வேண்டாம்னு சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரா?” எந்த நேரத்திலும் விலகலாம் என்று படிவம் சொல்கிறது. அந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. மருத்துவரையே அழைத்து, அவர் வாயால் “மாட்டேன்” என்று சொல்ல வைத்தேன். பெரியவர் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, சேரவில்லை என்றார். வழக்கமான சிகிச்சை அதே மருத்துவரிடம் தொடர்ந்தது. என் கணக்கில் அது நல்லபடியாக நடந்த ஒப்புதல்.

விலகும் உரிமை, முழுத் தகவல் என்பதெல்லாம் சும்மா வந்தவை அல்ல. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு நோய் என்னவென்று சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடத்தியது அரசுப் பொதுச் சுகாதாரத் துறை. படிவம் நீளமாக இருக்கிறதே என்று சலிக்கும் இளம் மருத்துவர்களுக்கு இதை நினைவூட்டுவேன்.

குடும்பத்தார் தயங்காமல் கேட்க வேண்டியவை உண்டு. இந்த மருந்து மனிதருக்குக் கொடுக்கப்படுவது முதல் முறையா, இல்லை ஏற்கெனவே நிறையப் பேருக்குக் கொடுத்துப் பார்த்ததா? இதில் சேராவிட்டால் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை என்ன, சேர்ந்தால் அதில் எதை இழக்கிறோம்? கூடுதலாக எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள்? மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யார் பொறுப்பு? இரவில் மூச்சுத் திணறினால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, எடுப்பவர் யார்? மருந்து நன்றாக வேலை செய்தால், ட்ரையல் முடிந்த பிறகும் கிடைக்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. அதற்குத்தான் பதில் பெரும்பாலும் சங்கடமாக இருக்கும்.

எதை அளப்பது என்பதிலும் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை. மாரடைப்புக்குப் பிறகு இதயம் இடையிடையே தப்பாகத் துடிப்பவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே அந்தத் துடிப்பை அடக்கினால் சாவு குறையும் என்று எல்லோரும் நம்பினார்கள். என்கைனைடு, ஃபிளெக்கைனைடு என்ற இரண்டு மருந்துகளும் அதை அழகாக அடக்கின. காஸ்ட் என்ற ட்ரையலின் 1989 அறிக்கைப்படி, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 3.0 சதவீதம் பேரும், இந்த மருந்துகளைப் பெற்றவர்களில் 7.7 சதவீதம் பேரும் இறந்தார்கள். ஈசிஜி நன்றாக இருந்தது, ஆள் இல்லை. புதிய மருந்து ஏதோ ஓர் அளவைக் குறைக்கிறது என்று யார் சொன்னாலும், அதனால் ஆயுள் கூடியதா, வலி குறைந்ததா, மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது நின்றதா என்று கேட்பது அதிலிருந்து எனக்குப் பழக்கமாகிவிட்டது. ட்ரையல் திட்டமிடும்போதே அந்த நோய் உள்ளவர்கள் சிலரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். நாங்கள் அப்படிப் பேசியபோது, நாங்கள் அளக்க நினைத்திருந்த எதையும் அவர்கள் சொல்லவில்லை. மாடிப்படி ஏற முடியவேண்டும், ராத்திரி தூங்கவேண்டும், இவ்வளவுதான் கேட்டார்கள்.

கை மாறுவது சுலபமாக இருந்தால் எவ்வளவு வேகமாகப் பயன் போய்ச் சேரும் என்பதற்கு வாய்வழி உப்புச் சர்க்கரைக் கரைசலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சிறுகுடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் சேர்த்து இழுத்துப் போகிறது என்று 1960இல் ராபர்ட் கிரேன் முன்வைத்தது சுத்தமான ஆய்வக விஷயம். 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துக் குடும்பத்தாரே ஊட்டும்படி செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அந்தக் கரைசல் கிடைத்தவர்களிடையே 3.6 சதவீதமாக இறங்கியது. மறுபக்கம் பாருங்கள்: குறைமாதப் பிரசவத்துக்கு முன்னால் தாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குழந்தையின் நுரையீரல் முதிர்கிறது என்பதை ஆட்டுக்குட்டிகளில் தற்செயலாகக் கவனித்த கிரஹாம் லிகின்ஸ், ராஸ் ஹவியோடு சேர்ந்து 1972லேயே மனிதரில் நடத்திய ட்ரையலின் முடிவை வெளியிட்டுவிட்டார். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதைப் பரவலாகக் கொடுக்கச் சொன்னது 1994இல். மருந்து மலிவு, ஊசி எளிது, ஆதாரம் கையில். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அதைக் கொண்டுபோவது யாருடைய வேலையாகவும் இல்லை.

கடைசியாக ஒன்று, பலர் விட்டுவிடுவது. ட்ரையல் முடிந்ததும் முடிவு மருத்துவ இதழில் வரும். அதில் கலந்துகொண்டவர்களுக்குத் தெரியாது. எங்கள் குழுவில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பும் வழக்கம் உண்டு: எதைக் கண்டுபிடிக்கப் பார்த்தோம், என்ன தெரிந்தது, மருந்து பலிக்கவில்லை என்றால் பலிக்கவில்லை என்று, அவர்களுக்கு எந்த மருந்து கிடைத்தது என்று அறிய யாரைக் கேட்பது. இதைப் பற்றி ஆய்வு முடிந்த பிறகு யோசித்துப் பயனில்லை. ஆய்வு முடிந்தபின் தொடர்புகொள்ள அனுமதி உண்டா, கடிதமா தொலைபேசியா, ஒருவேளை அவர் இல்லாவிட்டால் குடும்பத்தில் யாரிடம் சொல்லலாம் என்ற மூன்று கேள்விகளையும் ஆரம்ப ஒப்புதல் படிவத்திலேயே சேர்த்து, கடிதத்தின் மாதிரியையும் நெறிமுறைக் குழுவிடம் அப்போதே காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.